கான்ட்ராக்ட் ஆள் கண்டுபிடித்த தற்காப்பு

ஒரகடத்தில் சில வருடங்கள் ஓர் அதிசயம் நடந்தது. ஒரே ஆலை, அநேகமாக ஒரே கார், ஆனால் இரண்டு பெயர். மூக்கில் வைரச் சின்னம் ஒட்டினால் ரெனோ டஸ்டர். வட்டச் சின்னம் ஒட்டினால் நிசான் டெரானோ. மைக்ராவும் பல்ஸும் அதே ரகம். விளம்பரத்தில் இரண்டும் இரண்டு வெவ்வேறு வாழ்க்கைத் தத்துவங்கள். ஒன்றை வாங்கியவர் இன்னொன்றை வாங்கியவரைப் பரிதாபமாகப் பார்ப்பார். லைனில் நின்று போல்ட் முடுக்கிய பையனுக்கு மட்டும் உண்மை தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை.

அதே ஒரகடத்தில் இந்தக் கதையின் தலைகீழ் வடிவமும் ஓடுகிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து புல்லட்டை இங்கே கொண்டுவந்தது. திருவொற்றியூரில் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு இங்கிலாந்துக் கம்பெனி கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. நாம் சாத்தவில்லை. 2013 முதல் ஒரகடத்திலும் ராயல் என்ஃபீல்டு ஆலை ஓடுகிறது. வண்டி நம்முடையது, பெயரில் மட்டும் இன்னும் ஒரு ‘ராயல்’ தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆக, பொருளைச் செய்தவன் ஒருவன், பேட்ஜ் இன்னொருவனுடையது என்பது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் குழந்தைக்கும் தெரிந்த சமாச்சாரம். அதனால் சதுரங்க வரலாறு எங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. அது தொடக்கம் முதல் முடிவுவரை பேட்ஜ் மாற்றி ஒட்டிய வரலாறு.

உலகமெங்கும் போட்டிகளில் வைக்கும் காய்களுக்கு ஸ்டாண்டன் செட் என்று பெயர். ஹோவர்ட் ஸ்டாண்டன் அன்றைய இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரர். அவர் அந்தக் காய்களில் ஒரு சிப்பாயைக்கூடச் செதுக்கவில்லை. 1849-ல் அந்த வடிவத்தைப் பதிவு செய்தவர் நத்தேனியல் குக், கடைந்து விற்றது ஜாக் கம்பெனி. ஸ்டாண்டன் செய்தது பெட்டியில் ஒட்டும் சீட்டுக்குக் கையெழுத்துக் கொடுத்ததும் தன் பத்திரிகைப் பத்தியில் ஆகா ஓகோ என்று எழுதியதும்தான். கிரிக்கெட் வீரர் சிமெண்ட் விற்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தைய ஏற்பாடு. நூற்றெழுபது வருடத்துக்குப் பிறகும் குக்கின் பெயர் யாருக்கும் தெரியாது.

இந்தப் பேட்ஜ் வரலாற்றிலேயே பெரிய கோல்மால் நடந்தது கல்கத்தாவில், 1855-ம் வருடம் மே மாதம். இரண்டு கிளப் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து ஆடிய ஒரு ஆட்டம். உலகப் பட்டம் கிடையாது, பரிசுத் தொகை கிடையாது, மேடை கிடையாது. கல்கத்தாவின் மே மாதப் புழுக்கம் மட்டும் இருந்திருக்கும்.

முதலாமவர் ஜான் காக்ரேன். ஸ்காட்லாந்துக்காரர், தொழிலால் பாரிஸ்டர். அவருடைய பயோடேட்டாவைப் படித்தால் எச்.ஆர். மேனேஜருக்கே தலை சுற்றும். நெப்போலியன் சரணடைந்த பெல்லரஃபான் கப்பலில் சின்னப் பையனாக மிட்ஷிப்மேன் வேலை பார்த்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1821-ல் பிரான்சுக்குப் போய் டெஷாபெல், லாபூர்தொனே என்ற இரண்டு பூதங்களோடு மோதினார். 1822-ல் சதுரங்கத்தைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் போட்டார். 1824-ல் லண்டன் கிளப்பும் எடின்பரோ கிளப்பும் தபாலில் ஒரு மேட்ச் தொடங்கின. ஒரு மூவ் எழுதி உறையில் போட்டு அனுப்ப வேண்டும், பதில் மூவ் வரும்வரை காத்திருக்க வேண்டும். லண்டன் அணியில் இருந்த காக்ரேன், இப்படித் தொடங்கலாமே என்று ஒரு திறப்பைச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிவிட்டு, மேட்ச் நடுவிலேயே இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். நோட்டீஸ் பீரியட் கூடப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் லண்டன் தோற்றது. அந்தத் திறப்பு நன்றாயிருக்கிறதே என்று எடின்பரோக்காரர்கள் எடுத்து ஆடினார்கள். மேட்ச் 1828-ல் முடிந்தபோது எடின்பரோ வென்றிருந்தது, திறப்புக்கு ‘ஸ்காட்ச்’ என்று பெயரும் நிலைத்துவிட்டது. ஆக, காக்ரேனும் ஒருமுறை பேட்ஜ் பறிகொடுத்தவர்தான். ஆனால் பாரிஸ்டர்கள் இப்படி ஒரு நஷ்டத்தைச் சும்மா விடுவதில்லை, எங்காவது ஈடுகட்டிவிடுவார்கள்.

கல்கத்தாவில் அவர் வழக்கறிஞர் தொழில் செய்தார். நாற்பதுகளின் தொடக்கத்தில் விடுப்பில் லண்டன் போனவர், அங்கே ஸ்டாண்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடினார். பெரும்பாலும் தோற்றார். தாக்கித் தாக்கியே தோற்கிற ரகம் அவர். காயை வெட்டக் கொடுத்துவிட்டு ராஜாவைத் துரத்துவார். பிடித்தால் ஆட்டம் அமர்க்களம், பிடிக்காவிட்டால் வீட்டில் ஒரு காயும் மிஞ்சாது. திரும்பி வந்தார். கல்கத்தா கிளப்பில் அவருக்குச் சரியாக ஈடுகொடுக்க ஆளில்லை. மாலை நேரத்தில் தினமும் ஜெயிப்பது எவ்வளவு போர் அடிக்கும் என்பது தினமும் தோற்கும் நமக்குப் புரியாது.

இரண்டாமவர் மகேஷ்சந்திர பானர்ஜி. இவருக்குப் பயோடேட்டாவே கிடையாது. பிறந்த தேதி இல்லை, படம் இல்லை, ஊர் மொபசல். மொபசல் என்றால் நமக்கு கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் போன பஸ் நிலையம்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரன் காலத்தில் தலைநகரத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் மொபசல். கல்கத்தா கிளப் உறுப்பினர் ஒருவர் அப்படி வெளியூர் போனபோது, அந்தப் பக்கத்தில் யாரிடமும் தோற்காத ஒரு பிராமணர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டார். விஷயம் காக்ரேன் காதுக்கு வந்தது. 1848-ல் விடுமுறை வந்ததும் மனிதர் நேரே புறப்பட்டுப் போய்விட்டார். ஆடினார், ஜெயித்தார். ஜெயித்ததோடு, இந்த ஆளிடம் சரக்கு இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டார். கொஞ்ச நாளில் மகேஷ்சந்திரர் கல்கத்தா கிளப்பில் இருந்தார், கிளப் கொடுத்த சம்பளத்தில்.

இந்தக் கதையை சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். நைட் ஷிப்ட் முடித்து, கழுத்தில் ஐடி கார்டோடு நின்றிருந்த தம்பி கிளாஸைக் கீழே வைத்தான்.

“அவர் பெர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா அண்ணே?”

வரலாற்றாசிரியர்களுக்குத் தோன்றாத கேள்வி. கான்ட்ராக்ட்தான் என்றேன்.

“பி.எஃப். பிடிச்சாங்களா?”

அந்தச் சட்டம் வர இன்னும் நூறு வருடம் இருந்தது என்றேன். அப்படியானால் மேற்கொண்டு கேட்க எதுவுமில்லை என்பதுபோல அவன் மறுபடி டீயை எடுத்துக்கொண்டான்.

அவன் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிளப்பில் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர் ‘அமெச்சூர்’, கனவான். அவர் பகலில் கோர்ட்டில் சம்பாதித்துவிட்டு மாலையில் ஆடுவார். ஆடுவதற்குக் காசு வாங்குகிறவர் கொஞ்சம் கீழ்ப்படி. ஆனால் மகேஷ்சந்திரரின் வேலை என்ன? காக்ரேன் துரைக்கு மாலையில் போர் அடிக்காமல் பார்த்துக்கொள்வது. சுலபமாகத் தோற்கக் கூடாது, எப்போதும் ஜெயித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. கே.பி.ஐ. எழுதவே முடியாத வேலை. அவர் அதைச் செய்த விதத்தைப் பார்த்தால் வேலை நடுவே ரகசியமாகத் தன் சொந்த ஆராய்ச்சியையும் ஓட்டியிருக்கிறார் என்று தெரிகிறது.

கிளப் உறுப்பினர் ஒருவர் 1850-ல் இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் காக்ரேனை ஓரளவாவது எதிர்த்து நிற்கக்கூடியவர் இவர் ஒருவர்தான் என்று பாராட்டியிருக்கிறார். அச்சில் பல இடங்களில் இவர் வெறும் ‘பிராமணர்’. காக்ரேன் மிஸ்டர் காக்ரேன், இவர் தி பிராமின். ஒரு மனிதரின் சாதியையே எம்ப்ளாயி கோடாக ஆக்கிய பெருமை அந்தக் கிளப்புக்கு உண்டு. பெயரைப் போட்டபோதும் மோகேஷ்சந்தர், மோஹிஷந்தர் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் போட்டார்கள். ஆதார் அட்டை இருந்திருந்தால் மனிதர் திருத்தம் கேட்டு அலைந்தே செத்திருப்பார்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். 1855 மே. டல்ஹவுசி பிரபு கவர்னர் ஜெனரல். அவர் ஆடிய சதுரங்கத்தில் ராஜாவுக்கு ‘செக்’ சொல்லும் வழக்கமே கிடையாது. வாரிசு இல்லையா, போர்டிலிருந்து எடு. சதாரா, ஜான்சி, நாக்பூர் போயாயிற்று. அந்த வருடமே நம் தஞ்சாவூர் மராட்டிய வம்சமும் காலி. மெட்ராஸில் இன்னும் பயணிகள் ரயில் ஓடவில்லை, ராயபுரத்திலிருந்து முதல் வண்டி கிளம்பியது 1856 ஜூலையில். ஒரகடத்தில் லாரி நிற்கிற இடமெல்லாம் அன்று ஏரியும் வயலும். செஸ் கடிகாரமும் கிடையாது. மணல் கடிகாரத்தை வைத்து ஆடியதே 1861-ல்தான், மெஷின் கடிகாரம் 1883-ல். ஒரு மூவுக்கு முக்கால் மணி நேரம் யோசித்தாலும் எதிராளி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டார்கெட்டும் இல்லை, சைரனும் இல்லை.

காக்ரேனுக்கு வெள்ளைக் காய், மகேஷ்சந்திரருக்குக் கறுப்பு. உடனே நிறவெறி என்று கிளம்ப வேண்டாம். வெள்ளைதான் முதலில் ஆட வேண்டும் என்ற வழக்கம் அப்போது முழுசாகக் கெட்டிப்படவில்லை. முதலில் ஆடியவரை வெள்ளை என்று இன்றைய புத்தகங்கள் போடுகின்றன.

வெள்ளை ராணியின் முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே வந்தது. கறுப்பு சிப்பாயை அனுப்பவில்லை, குதிரையை எஃப்6-க்கு அனுப்பியது. ஐரோப்பாவில் அன்று இது மரியாதை இல்லாத பதில். துரை நடுவில் சிப்பாயை வைத்தால் நீயும் நேருக்கு நேர் ஒரு சிப்பாயை வைத்து மல்லுக்கு நிற்க வேண்டும். அதுதான் கனவான் ஆட்டம். இரண்டாவது மூவில் இன்னொரு வெள்ளைச் சிப்பாய் சி4-க்கு வர, கறுப்பு ஜி சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளியது. அந்தச் சந்தில் பிஷப்பை ஜி7-ல் கொண்டுபோய் உட்கார வைக்கத் திட்டம். போர்டின் மூலையில் உட்கார்ந்துகொண்டு முழு நீள மூலைவிட்டத்தையும் கண்காணிக்கும் பிஷப். ஸ்ரீபெரும்புதூர் கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி மாதிரி, எழுந்திருக்கவே மாட்டார், ஆனால் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இந்தத் தந்திரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அவர் வளர்ந்த நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் பாயாது. கோட்டை கட்டுவதும் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஆட்டத்தில் ஒரு முறை குதிரை மாதிரி தாவிக்கொள்ளலாம். அதனால் நம்மூர் ஆட்டம் நிதானமாகக் கிளம்பும். முதலில் வீட்டைச் சுற்றி ஒவ்வொரு அடியாக வேலி போடு, சண்டை பிறகு. ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொண்ட பிறகும் மகேஷ்சந்திரருக்குக் கையில் பழைய பழக்கம் போகவில்லை. போகாமல் இருந்ததுதான் கண்டுபிடிப்பு.

மூன்றாவது மூவ். வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்தது. கறுப்பு டி5-க்குச் சிப்பாயைத் தள்ளியது.

இந்த இடத்தில் கொஞ்சம் எழுந்து நிற்கலாம். குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, சிப்பாய் டி5. இன்று சென்னையில் பத்து வயதுப் பையனைக் கேட்டாலும் “க்ருன்ஃபெல்ட் அங்கிள்” என்பான். எர்ன்ஸ்ட் க்ருன்ஃபெல்ட் வியன்னாக்காரர். பிறந்தது 1893. அதாவது அவருக்குப் பல் முளைக்க இன்னும் நாற்பது வருடம் இருக்கும்போது கல்கத்தாவில் ஒரு கான்ட்ராக்ட் ஆள் க்ருன்ஃபெல்ட் தற்காப்பை ஆடிக்கொண்டிருந்தார். இதன் தத்துவமே தனி. நடுவில் சிப்பாய்களை எதிராளி குவிக்கட்டும். அவன் பெரிய கட்டடம் கட்டிவிட்டோம் என்று பூரிக்கட்டும். பிறகு தூரத்திலிருந்து அஸ்திவாரத்தைச் சுரண்டு. இரண்டே வருடத்தில், 1857-ல், கம்பெனிக்காரன் குவித்து வைத்த சிப்பாய்களே திரும்பி நின்றபோது டல்ஹவுசிக்கு அடுத்து வந்த கானிங் பிரபுவுக்கு இந்தத் தத்துவம் நன்றாகப் புரிந்திருக்கும்.

ஆட்டம் போகிறது. கறுப்பு கோட்டை கட்டியது, குதிரையைக் கொடுத்துக் குதிரையை வாங்கியது, சி5 என்று அஸ்திவாரத்தில் கடப்பாரையைப் போட்டது. ஒவ்வொன்றும் இன்றைய பாடப் புத்தகத்தில் இருக்கும் மூவ். பத்தாவது மூவ் முடிந்தபோது கறுப்புக்கு ஒரு குறையும் இல்லை. கோச்சிங் கிளாஸ் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. தானாக யோசித்து ஆடியிருக்கிறார்.

பிறகு ராணி ஊர் சுற்றக் கிளம்பியது. பதின்மூன்றாவது மூவில் ஏ5-க்குப் போய் வெள்ளை பிஷப்பை முறைத்தது. காக்ரேனின் யானை துரத்த, பி6-க்கு ஓடியது. அங்கேயும் துரத்த, டி8-க்கே வந்து சேர்ந்தது. மூன்று மூவ் செலவழித்துப் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பியது. இதைவிடப் பெரிய வினை நடுவில் நடந்திருந்தது. பதினாலாவது மூவில், ஈ7 சிப்பாயைக் காப்பாற்ற வேண்டுமே என்று, ராஜாவுக்குப் பக்கத்தில் எஃப்8-ல் நின்ற யானையை ஈ8-க்கு மாற்றிவிட்டார். எஃப்7 கட்டத்துக்கு இப்போது ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. காக்ரேனுக்கோ எஃப்7 என்றால் உயிர். 1848-ல் இதே கல்கத்தாவில் பெட்ராஃப் என்ற திறப்பின் நாலாவது மூவிலேயே குதிரையைத் தூக்கி எஃப்7-ல் பலி கொடுத்த மனிதர். அதற்கு இன்று ‘காக்ரேன் கேம்பிட்’ என்று பெயர். ஸ்காட்ச்சில் விட்டதை ஈடுகட்டிவிட்டார் என்று சொன்னேன் அல்லவா?

பதினேழாவது மூவ். வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவியது. கறுப்பு பிஷப் சும்மா இருக்கவில்லை, ஈ2-வில் இருந்த வெள்ளை பிஷப்பை வெட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து வெள்ளையின் இரண்டு யானைகளையும் ஒரே நேரத்தில் குறிவைத்தது. ஒரு பிஷப், இரண்டு யானை. வங்காளத்து வயிற்றில் சந்தோஷம் பொங்கியிருக்கும்.

காக்ரேன் யானைகளைப் பார்க்கவே இல்லை. குதிரையால் எஃப்7 சிப்பாயை வெட்டினார்.

மகேஷ்சந்திரர் குதிரையை ஏ5-க்குத் தாவவிட்டு ராணியையும் தாக்கினார். இப்போது நிலவரத்தைப் பாருங்கள். வெள்ளையின் ஒரு ராணி, இரண்டு யானை, மூன்றுமே கறுப்பின் வாயில். கணக்குப் பார்த்தால் கறுப்பு கோடீஸ்வரன். ராஜாவைத்தான் எண்ண மறந்துவிட்டார். ஷோரூமில் காரைத் துடைத்து வைத்துவிட்டு சாவியைக் கதவிலேயே விட்டுவந்த கதை நம்மில் பலருக்கு நடந்ததுதான்.

குதிரை எச்6-க்குத் தாவியது. குதிரையும் செக், அது விலகியதால் பின்னால் நின்ற ராணியும் செக். இரட்டைச் செக்கில் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7-ல் வந்து உடனே முடித்துவிடும். ஆகவே மூலைக்கு, எச்8-க்கு. ராணி ஜி8-ல் போய் ராஜாவின் மடியிலேயே உட்கார்ந்தது. குதிரையின் காவல் இருப்பதால் ராஜா ராணியை வெட்ட முடியாது, யானையால்தான் வெட்ட வேண்டும். யானை வெட்டியது. இப்போது ராஜாவைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். ஒரு பக்கம் யானை, முன்னால் சிப்பாய், மூலைவிட்டத்தில் பதினேழு மூவாக எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் செக்யூரிட்டி பிஷப். மூச்சுவிட இடமில்லை. குதிரை மறுபடி எஃப்7-க்குத் தாவியது. மேட். மொத்தம் 21 மூவ். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கு வேட்டி கட்டிக் கும்பிட்டபடி நின்ற குதிரை ‘தம்பி’யைப் பார்த்து நாம் எல்லோரும் செல்ஃபி எடுத்தோம். மகேஷ்சந்திரரைக் கேட்டால் குதிரையைப் பற்றி வேறு அபிப்பிராயம் சொல்லியிருப்பார்.

இந்த மேட்டுக்கு ‘ஃபிலிடாரின் சொத்து’ என்று பெயர். ஃபிலிடார் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர். இதே மேட் லுசேனா என்ற ஸ்பானியர் 1497-ல் அச்சிட்ட புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கேயும் பேட்ஜ் ஒட்டும் டிபார்ட்மென்ட் தன் கைவரிசையைக் காட்டிவிட்டது.

ஆக, உலகின் முதல் க்ருன்ஃபெல்ட் தற்காப்பு தோற்றது. தோற்ற ஆட்டத்துக்கு யார் பெயர் வைப்பார்கள்? க்ருன்ஃபெல்ட் 1922-ல் அதே மூவ்களை ஆடி வியன்னாவில் அலெகைனையே சாய்த்தார். அலெகைன் பின்னாளில் உலகச் சாம்பியன் ஆனார். அப்படிப்பட்டவரை வென்றால் பேட்ஜ் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதில் அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சின்ன வயதிலேயே ஒரு காலை இழந்து, வறுமையில் வளர்ந்து, திறப்புகளை மனப்பாடம் செய்தே பேர் வாங்கிய மனிதர் அவர். நான் திருடினேன் என்று அவர் சொன்னதும் இல்லை, திருடியதும் இல்லை. நாம் கேட்கவும் இல்லை.

அதே இருபதுகளில் நிம்சோவிச், ரெட்டி என்ற இருவர், நடுவை ஆக்கிரமிக்காமல் தூரத்திலிருந்தே ஆளலாம் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். உலகம் வாயைப் பிளந்தது. அதிநவீனப் புரட்சி என்றார்கள். எழுபது வருடம் பழைய புரட்சி. இந்த வகை ஆட்டங்களுக்கு ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர் 1884-லேயே அச்சில் இருக்கிறது, அதுவும் மகேஷ்சந்திரரின் ஆட்டங்களை மனதில் வைத்துத்தான். இன்று ராஜா இந்தியன், ராணி இந்தியன், நிம்சோ இந்தியன், போகோ இந்தியன் என்று ஒரு பட்டாளமே உண்டு. நிம்சோவிச்சுக்குப் பாதிப் பேட்ஜ், பொகொல்ஜுபோவுக்குப் பாதிப் பேட்ஜ், மீதிப் பாதி தேசத்துக்கு. ஆளுக்கு ஒன்றுமில்லை. ‘மேட் இன் இந்தியா’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, யார் செய்தது என்று கேட்டால் ‘வெண்டர்’ என்று சொல்வது ஒரகடத்துக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை போலிருக்கிறது.

தமிழ்நாட்டில் பெயர்ப்பலகை சரியான ஆளுக்குப் போன சதுரங்கக் கேஸ் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. நீடாமங்கலம் பக்கத்துத் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர். ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்ட சிவன் என்று தலபுராணம். ஜெயித்தவர் பெயரிலேயே கோயில். ஆனால் அந்த ஆட்டக்காரருக்கு மூன்றாவது கண் வேறு இருந்தது, எஃப்7-ஐ அவர் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? காக்ரேன் ஆட்டங்களை எழுதிவைத்து லண்டன் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அவர் ஜெயித்ததை மட்டும் அனுப்பியிருந்தால் ஆச்சரியம் இல்லை, பாரிஸ்டர் அல்லவா? ஆனால் கான்ட்ராக்ட் ஆளிடம் தான் உதை வாங்கிய ஆட்டங்களையும் சேர்த்தே அனுப்பினார். இதற்காக அவருடைய எல்லாப் பாவங்களையும் மன்னித்துவிடலாம். எங்கள் ஊரில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர், யாரிடமும் சொல்லாதே என்று குரு கொடுத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னவர். தமிழகத்தில் என்.டி.ஏ. என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை உடைத்த முதல் மகான். அவர் பிறந்த ஊரில் இன்று ஆலைக்குள் நுழைந்தால் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.

மகேஷ்சந்திரரின் தற்காப்பு இன்னும் ஒரு முறை இந்தியக் கையில் திரும்பி வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2010 ஏப்ரல். விஸ்வநாதன் ஆனந்த் சோஃபியாவில் டோபலோவோடு உலகப் பட்டத்துக்கு ஆட வேண்டும். ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பா முழுக்க விமானம் ரத்து. ஃபிராங்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்ட ஆனந்த் மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார். ஒரு நாள்தான் கொடுத்தார்கள். வேன் பிடித்து நாற்பது மணி நேரம் சாலையிலேயே சோஃபியா போய்ச் சேர்ந்தார். வாலாஜாபாத் ரோட்டில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிகிற எங்கள் பையன்களுக்கு அந்த முதுகு வலி புரியும். முதல் ஆட்டம் ஏப்ரல் 24. ஆனந்துக்குக் கறுப்பு. குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, சிப்பாய் டி5.

டோபலோவ் குதிரையைப் பலி கொடுத்தார். முப்பது மூவில் ஆனந்த் தோற்றார். நூற்றைம்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அதே தற்காப்பு, மறுபடி ஒரு குதிரை, மறுபடி ராஜாவின் வாசலில். மகேஷ்சந்திரரின் ஆவி சோஃபியாவில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஆனந்த் அடுத்த ஆட்டத்திலேயே திருப்பிக் கொடுத்தார். கடைசி ஆட்டத்தில், அதிலும் கறுப்புக் காயோடு, டோபலோவைச் சாய்த்து ஆறரைக்கு ஐந்தரை என்று பட்டத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அன்று எந்த டி.வி.யும் மகேஷ்சந்திரர் பெயரைச் சொல்லவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு சின்ன விண்ணப்பம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது கல்யாண மண்டபத்தில் நடக்கும் டோர்னமென்டிலோ, கேண்டீன் இடைவேளையில் போனிலோ கறுப்புக் காய் கிடைத்து, குதிரை எஃப்6, ஜி6, டி5 என்று ஆடினால், என்ன ஓப்பனிங் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். மகேஷ்சந்திரா என்று சொல்லுங்கள். புரியாவிட்டால் 1855, மே, கல்கத்தா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பதினாலாவது மூவில் மட்டும் அந்த எஃப்8 யானையை நகர்த்திவிடாதீர்கள்.